எவர் வீட்டு எண்ணெய்?

பனியன் துணி பின்னும் கூடத்திலே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரியும். பின்னல் எந்திரத்திலிருந்து இறங்கிய துணியை வெளிச்சப் பலகை மீது ஓடவிட்டுச் சோதிக்கும்போது, நெடுக ஒரு கோடு மெல்லியதாய், பழுப்பேறியதாய்த் தென்படும். எண்ணெய்க் கோடு! ஊசிக்கு விட்ட எண்ணெய் நூலோடு சேர்ந்து துணியிலே ஏறிவிட்டது என்று பொருள். அப்போது மேற்பார்வையாளர் என்ன செய்கிறார்? வானத்தைப் பார்த்து, எங்கிருந்தோ வந்த எண்ணெய் என்கிறாரா? இல்லை. ரோலில் செருகிய சீட்டை எடுக்கிறார். எத்தனையாவது எந்திரம், எந்த ஷிப்ட், ஓட்டியவர் யார் என்பதெல்லாம் அந்தச் சீட்டிலே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஆள் அகப்பட்டுவிடுகிறார். சில கூடங்களிலே அவருடைய கூலியில் பிடித்தமும் விழுந்துவிடுகிறது.

தொழிலாளி கை தவறிச் சிந்திய ஒரு சொட்டு எண்ணெயைத் துப்பறிய இத்தனை ஏற்பாடு. ஆனால், கடலிலே டன் கணக்கில் எண்ணெய் கொட்டும்போது மட்டும் சீட்டு இல்லை, எண் இல்லை, ஓட்டியவர் பெயர் இல்லை. "எண்ணெயா? எம்முடையதன்று" என்று ஒருவர் கூறுவார். "கசிவே நிகழவில்லை" என்று மற்றொருவர் கூறுவார். வலையை விரித்தவன் கையிலே மட்டும் கருங்குழம்பு ஒட்டிக் கொண்டிருக்கும்.

திருப்பூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் எண்ணெயைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. அதைச் சொல்லுமுன் எண்ணூருக்குப் போய் வருவோம்.

2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள், பொழுது விடியாத நேரம். எண்ணூரில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, பெட்ரோலியப் பொருட்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து கொண்டிருந்த டான் காஞ்சிபுரம் மற்றொன்று. அன்றைய தினமே துறைமுகத்தின் சார்பில் அறிக்கை வெளிவந்தது. எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் கேடு எதுவும் இல்லை என்று அதிலே கண்டிருந்தது. அறிக்கை வெளிவந்த ஓரிரு நாளில் எர்ணாவூர்ப் பகுதியில் ராமகிருஷ்ணா நகர் குப்பத்தின் பாறைகளுக்கிடையே கருங்குழம்பு வந்து தேங்கிற்று. அங்கிருந்து தெற்கே பரவி மெரினா கடந்து திருவான்மியூர் வரை சென்றது. முட்டையிடக் கரை நாடும் பருவத்திலே பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

மாணவரும் மீனவரும் துப்புரவுத் தொழிலாளரும் வாளியும் குவளையும் கொண்டு அந்தக் குழம்பை அள்ளிய காட்சியை நாடே கண்டது. விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நாடு, கடலைத் துடைக்கக் குவளை எடுத்து வந்தது! கையுறைகூட அனைவருக்கும் கிட்டவில்லை. ஆனால் வாளியைப் பற்றி ஏடுகள் நிரம்ப எழுதிவிட்டன. எண்ணைப் பற்றி எழுதியவர்களோ சிலரே. ஆகவே நாம் எண்ணைப் பார்ப்போம்.

முதலில் சொல்லப்பட்டது பூஜ்யம். பின்னர் ஏதோ சில டன் என்றனர். கடல் நீரோட்டத்தையும் காற்றின் போக்கையும் கணக்கிட்ட ஐதராபாத் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவியலார் கண்ட அளவு சுமார் 196 டன். டான் காஞ்சிபுரம் தன் எந்திரத்துக்கென வைத்திருந்த கனத்த எரிஎண்ணெய் அது. பூஜ்யத்துக்கும் 196க்கும் நடுவிலே எத்தனை நாள் ஓடிற்று, அந்த நாட்களில் எத்தனை பேர் வெறுங்கையால் அள்ளினர் என்பதை எண்ணிப் பாருங்கள். அளவு சிறியதென்றால் அனுப்பப்படும் ஆட்களும் சிலர், கருவிகளும் சில, நிவாரணமும் சிறிது. முதல் நாள் சொல்லப்படும் எண் வெறும் எண்ணன்று. அடுத்த மூன்று மாதத்துக்கு மீனவன் வீட்டு உலையை நிர்ணயிக்கும் எண் அது.

அந்தக் காயம் ஆறுமுன்னே அடுத்தது வந்தது. 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, எண்ணூர்க் கழிமுகத்திலே வெள்ளத்தின் மேல் எண்ணெய் மிதந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவி, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்களைக் கறுப்பாக்கிற்று. வீட்டுச் சுவரிலே எண்ணெய், படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், கூழைக்கடாவின் இறகிலே எண்ணெய். அலையாத்தி மரங்களின் வேர்களைச் சுற்றிக் கருங்கோடு.

இம்முறை மோதிய கப்பல் இல்லை. ஆகவே, எவர் வீட்டு எண்ணெய் என்பதே முதற் கேள்வியாயிற்று. மணலியிலே ஆலைகள் பல. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை, சென்னை பெட்ரோலியக் கழகத்தினுடையது, அங்கே உள்ளது. தன் குழாய் எதிலும் கசிவில்லை என்றது கழகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ, ஆலையின் தெற்கு வாயிலருகே கால்வாயிலே எண்ணெய்ச் சுவடு கண்டதாகவும், வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாமையால் தேங்கியிருந்த எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறிற்று எனவும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விடம் எடுத்துரைத்தது. தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டிருந்தது. அள்ளப்பட்ட எண்ணெய் கலந்த நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். அரசு அறிவித்த நிவாரணம் 8 கோடியே 68 லட்ச ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். ஏனைய 6,700 குடும்பங்களுக்கு 7,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய்.

கணக்கைக் கவனித்தீர்களா? குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று எண்ணத் தெரிந்திருக்கிறது. கழிமுகத்துச் சேற்றிலே எத்தனை எண்ணெய் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அது எத்தனை ஆண்டு அங்கே இருக்கும், இறாலின் குஞ்சு அதிலே பிழைக்குமா என்ற கணக்கு மட்டும் அந்த அறிவிப்பில் இடம் பெறவில்லை. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஓர் ஆண்டுக்கா, ஒரு தலைமுறைக்கா?

இங்கேதான் அறிவியல் நமக்குத் துணை வருகிறது. எண்ணெய்க்கு வாயில்லை என்றெண்ணித்தானே ஆளாளுக்கு மறுக்கிறார்கள்? அதற்கு வாய் உண்டு, தோழர்களே! கைரேகையும் உண்டு.

நம் சாயப்பட்டறை மாஸ்டர்களுக்கு இது எளிதில் விளங்கும். கறுப்புச் சாயம் ஒரு சொட்டை வடிதாளிலே விட்டு, தாளின் நுனியைத் தண்ணீரில் தோயவிட்டால், சற்று நேரத்தில் கறுப்பு பிரியும். நீலம் ஒரு புறம் ஏறும், சிவப்பு ஒரு புறம் தங்கும், மஞ்சள் வேறோரிடம் நிற்கும். கறுப்பு என்று நாம் அழைத்தது உண்மையிலே ஒரு கூட்டணி. எந்தெந்தச் சாயம், என்ன விகிதத்தில் என்று பார்த்தால், எந்தப் பட்டறையின் கலவை என்று அனுபவசாலி சொல்லிவிடுவார். எண்ணெயும் அப்படியே. ஆயிரமாயிரம் ஹைட்ரோகார்பன்களின் கூட்டு அது. கரியும் ஹைட்ரஜனும் பல வடிவில் கைகோத்து நிற்கும் பொருட்கள். கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவியிலே, தலைமயிர் போன்ற நுண்ணிய துளையுடைய நெடுங்குழாய் ஒன்றைச் சூடேற்றி அதன் வழியே எண்ணெயின் ஆவியைச் செலுத்துகிறார்கள். எளிதில் ஆவியாவது முன்னே வரும். கனத்தது பின்னே வரும். ஒவ்வொன்று வெளிப்படும்போதும் தாளிலே ஒரு சிகரம் எழும். சிகரங்களின் வரிசைதான் அந்த எண்ணெயின் முகம்.

"வெயிலிலும் அலையிலும் கிடந்தால் முகம் மாறிவிடாதா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இலேசான பகுதிகள் ஓரிரு நாளிலே காற்றோடு போய்விடும். நேரான சங்கிலியாய் அமைந்தவற்றை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனால் ஹோப்பேன், ஸ்டெரேன் என்று பெயர் கொண்ட சில பொருட்கள் உள்ளன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள், பாசிகள் முதலியவற்றின் உடற்சுவரிலிருந்து வந்தவை. அவற்றை வெயில் எளிதில் வெல்லாது. கிருமியும் கடைசியாகத்தான் தொடும். எந்தக் கிணற்றுக் கச்சா எண்ணெயோ, அந்தக் கிணற்றின் பாறைக்கேற்ற விகிதத்திலே அவை அமைந்திருக்கும். மேனி கறுத்தாலும் எலும்பு மாறாததைப் போல.

இதற்கொரு சுவையான சான்று அலாஸ்காவில் உண்டு. 1989 மார்ச் 24ஆம் நாள் எக்ஸான் வால்டீஸ் என்னும் கப்பல் அங்கே பாறையில் மோதிக் கடலையே கறுப்பாக்கிற்று. பின்னர்க் கரையோரத்துத் தார்க் கட்டிகளை எல்லாம் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் எடுத்துச் சோதித்தனர். கட்டிகள் பல அந்தக் கப்பலின் எண்ணெய் அல்ல! அலாஸ்கா எண்ணெயும் அல்ல! ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள கலிபோர்னியாவின் மாண்டரே பாறையிலிருந்து வந்தவை. எப்படி வந்தன? கலிபோர்னியச் சரக்கை முன்னாளில் அலாஸ்காவுக்குக் கொண்டு சென்று தொட்டிகளில் தேக்கியிருந்தார்கள். 1964ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தொட்டிகள் உடைந்து கடலில் கொட்டியது, கால் நூற்றாண்டு கழிந்தும் கரையிலே கிடந்தது. கண்டீர்களா? சோதனை குற்றவாளியைக் காட்டும். குற்றமற்றவரை விடுவிக்கவும் செய்யும். நெஞ்சிலே கறையில்லாத ஆலை இந்தச் சோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

முகம் காண்பது ஒன்று. அளவு காண்பது மற்றொன்று. நிறம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் விளக்குப் பெட்டியிலே புற ஊதா விளக்கை ஏற்றினால், வெண்மைக்கு மருந்து கலந்த துணி பளீரென்று ஒளிர்வதை நம் தோழர்கள் அறிவார்கள். எண்ணெயின் சில பகுதிகளும் அவ்விதமே ஒளிரும். கடல்நீரை எடுத்து, ஹெக்சேன் என்னும் கரைப்பானோடு குலுக்கி எண்ணெயைப் பிரித்து, அதன் ஒளிர்வை அளந்தால் எவ்வளவு என்று தெரியும். சாய நீரிலே நாம் உப்பை மில்லிகிராமில் பேசிப் பழகியவர்கள். கடலிலே எண்ணெயை மைக்ரோகிராமில் பேச வேண்டும். மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு கூறு. மாசுபடாத கடல்நீரில் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தால் அதிகம். ஆகையால் அசட்டையாக எடுத்த நீர் பயன்படாது. பிளாஸ்டிக் புட்டி கூடாது. கண்ணாடிப் புட்டி வேண்டும். படகின் எந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் எண்ணெய் படாத பக்கத்தில், மேற்பரப்பின் படலத்துக்குக் கீழே முக்கி எடுக்க வேண்டும். படலத்தைத் தனியே எடுக்க வேண்டும். புட்டியிலே நாளும் நேரமும் இடமும் எழுதி, சாட்சிகள் முன்னே முத்திரை வைக்க வேண்டும். இது அந்த ரோல் சீட்டேதான், வேறொன்றுமில்லை.

நீர் ஓடிவிடும். சேறு ஓடாது. ஆகவே கழிமுகத்தின் அடிச்சேறுதான் ஆலைகளின் உண்மையான பேரேடு. பாறையிலே ஒட்டிக் கொண்டிருக்கும் பச்சை ஆளி இன்னொரு சாட்சி. உணவுக்காக ஓயாது நீரை உறிஞ்சி வடிகட்டும் அந்தச் சிற்றுயிர், நீரிலுள்ள எண்ணெயைத் தன் தசையிலே சேர்த்து வைக்கும். இடம் விட்டு நகராது. விலைக்கும் வாங்க முடியாது. இத்தகைய சாட்சியை உலகமெங்கும் கடற்கரைகளில் பயன்படுத்தலாம் என்று எட்வர்ட் கோல்ட்பெர்க் என்னும் அமெரிக்க அறிவியலார் 1975ஆம் ஆண்டில் சொன்னார். அமெரிக்கா 1986 முதல் அதை அரசுத் திட்டமாகவே நடத்தி வந்தது. நம் நாட்டிலும் 1990களின் தொடக்கம் முதல் நடுவண் அரசின் கடல்துறை, கரையோர நீரை அளந்து கணக்கெடுக்கும் திட்டம் நடத்தியிருக்கிறது. ஆக, அளக்கத் தெரியாதவர்கள் அல்லர் நாம். அளந்தது அறிக்கையில் உறங்குகிறது. குப்பத்துத் தேநீர்க் கடைப் பலகைக்கு அது வந்து சேர்வதில்லை.

இனி திருப்பூருக்கு வருவோம். எண்ணின் வலிமையை நம்மைவிட அறிந்தவர் தமிழ்நாட்டிலே எவர்?

வெள்ளியங்கிரியிலே பிறந்து காவிரியிலே கலக்கும் நொய்யல், நம் ஊரைக் கடந்த பிறகு எந்த நிறத்திலே ஓடிற்று என்பதை மறந்துவிட முடியுமா? பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தொட்டியாக மாறிற்று. அணை கட்டுங்கள் என்று மன்றாடும் உழவனைத்தான் நாடு கண்டிருக்கிறது. இந்த அணையிலே நீரைத் தேக்காதீர்கள் என்று கெஞ்சிய உழவனை நாம் கண்டோம். அப்போதும் ஆளுக்கொரு பேச்சு. மழை குறைந்ததால் உப்பு என்றார் ஒருவர். மண்ணே உப்பு மண் என்றார் மற்றொருவர். பட்டறைகள் பல நூறு இருக்க, எது எவர் கழிவென்று எப்படிச் சொல்வது என்றார் வேறொருவர். கிணற்று நீரும் மண்ணும் ஊர் ஊராக அளக்கப்பட்ட பின்தான் அந்தப் பேச்சுகள் அடங்கின. 68 சிற்றூர்களில் ஏறத்தாழ 28,500 உழவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கண்டு, சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று அதற்கென அமைக்கப்பட்ட ஆணையம் 2004ஆம் ஆண்டில் வகுத்தது. கேடு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை, வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் 1996ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் நிலைநாட்டியிருந்தது. 2009இல் நொய்யல் வழக்கிலும் அதே மன்றம் உழவர் பக்கம் நின்றது.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 28! எண்ணூரில் கப்பல்கள் மோதியதற்குச் சரியாக ஆறாண்டு முன்னர், அதே நாளிலே, சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் ஏறத்தாழ எழுநூறு சாய, சலவைப் பட்டறைகளின் கதவு மூடப்பட்டது. கதவு மூடியபோது முதலில் பட்டினி கிடந்தது முதலாளியா? வாரக் கூலியை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளி. மூட்டையைக் கட்டிக்கொண்டு அவன் இரயிலடியில் நின்றதை நம் தோழர்கள் கண்டவர்கள். கழிவின் ஒரு சொட்டும் ஆற்றில் விடாத முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. அந்த முறை 1992இலேயே வந்திருந்தால், அளந்தவுடனே எண்ணைக் கேட்டிருந்தால், ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும். தொழிலாளிக்கும் உழவனுக்கும் பகை மூட்டியது அளவுகோல் அன்று. அளவுகோலை இருபதாண்டு காலம் ஒளித்து வைத்த கைகள்.

இந்தப் படிப்பினையைத்தான் எண்ணூர் மீனவனிடம் நாம் கொண்டு செல்ல வேண்டும். அவனிடமிருந்து நாம் பெற வேண்டியதும் உண்டு. நம் ஊரின் பழுதுபார்க்கும் பட்டறைகளும் எந்திரக் கூடங்களும் வடிகாலில் கொட்டும் பழைய எண்ணெய் எங்கே போகிறது? கடலெண்ணெய் என்றாலே கப்பல் விபத்து என்று நாம் நினைக்கிறோம். வட அமெரிக்கக் கடற்பரப்பை ஆராய்ந்த அந்நாட்டு அறிவியற் கழகங்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, மனிதர் கடலுக்கு அனுப்பும் எண்ணெயில் பெரும்பங்கு நிலத்திலிருந்து, சாலையிலிருந்து, வடிகாலிலிருந்து வழிந்து வருவதே என்று கண்டனர். வடிகால் நொய்யலில் முடிகிறது. நொய்யல் காவிரியில் முடிகிறது. காவிரி எங்கே முடிகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஆகவே, எவர் வீட்டு எண்ணெய் என்று கேட்கும் விரல் ஒருமுறை நம் வாசற்படியையும் சுட்டட்டும். கூச்சப்பட வேண்டாம்.

நாம் தைக்கும் பனியனும் தூத்துக்குடி வழியாகவும் கொச்சி வழியாகவும் கப்பலேறித்தான் கடல் கடக்கிறது. 2025 மே 25ஆம் நாள் அந்தக் கொச்சிக் கடலிலே எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கிற்று. சுமார் 640 பெட்டிகள். தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெய், 84 டன் டீசல். அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. பெட்ரோலியத்தின் பிள்ளைகள்தானே அவையும்! கேரள அரசு வாளி எடுத்ததோடு நிற்கவில்லை. 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர்நீதிமன்றம் சென்றது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த மற்றொரு கப்பல் விழிஞ்ஞத்திலே நின்றபோது, அதைப் பிடித்து வைக்க மன்றம் ஆணையிட்டது. பின்னர் மன்றம் நிர்ணயித்த பிணைத்தொகை 1,227 கோடி. கேட்டதற்கும் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியை நிரப்பப்போவது எது? நீரிலும் சேற்றிலும் மீனிலும் எடுத்த அளவுகள். வேறெந்தச் சொற்பெருக்கும் அங்கே செல்லாது.

கப்பல்காரர்களுக்குச் சீட்டு இல்லை என்று முதலில் சொன்னேன். முழு உண்மை அதுவன்று. கப்பல் எரிஎண்ணெய் வாங்கும்போதெல்லாம் அதன் மாதிரி ஒன்றை முத்திரையிட்டுக் குறைந்தது பன்னிரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. சீட்டு இருக்கிறது, எடுத்துப் பார்க்கும் கைதான் வேண்டும். கரையிலுள்ள ஒவ்வொரு எண்ணெய்த் தொட்டிக்கும், ஒவ்வொரு குழாய்க்கும், ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலைக்கும் அத்தகைய மாதிரிப் புட்டி ஒன்று, ஆலையின் கையில் அல்லாமல் பொதுவான ஆய்வுக்கூடத்தின் அலமாரியிலே, விபத்துக்கு முன்னரே இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. 2023 மார்ச் மாதம் நாகூர்ப் பட்டினச்சேரியில் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து கடலிலே கொட்டியபோது, எவர் குழாய் என்பதிலே ஐயம் எழவில்லை. கண்ணெதிரே குழாய் கிடந்தது. எண்ணூரிலோ, தூத்துக்குடியிலோ, நாளை வேறொரு கரையிலோ குழாய் கண்ணில் படாது. அன்று அலமாரியிலுள்ள புட்டிதான் பேச வேண்டும்.

பொதுத்துறை ஆலையைக் குறை கூறலாமா என்று நம்மவரிடையே சிலர் தயங்குவதை அறிவேன். மணலி ஆலை மக்கள் பணத்தில் எழுந்தது. அதை விற்க வருவோரை எதிர்த்து நிற்பவர்களும் நாமே. அதனாலேதான் அதன் கணக்கைக் கேட்கும் உரிமை மற்றெவரைவிடவும் நமக்கு அதிகம். தன் வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்னவன் வீட்டுக்குப் பகைவன் ஆகமாட்டான். அங்கே பணியாற்றும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறான்.

வருகிற வாரம் கிளைக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள். படிப்பகத்துப் பலகையிலே, ஏடுகளின் பக்கத்தில், நொய்யலின் அந்தந்த மாதத்து அளவை எழுதி வையுங்கள். அளவு கிடைக்கவில்லையா? தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதுங்கள். எந்த இடத்தில், எந்த நாளில், எவர் எடுத்த நீர், எந்த ஆய்வுக்கூடம், எண்ணெயும் மசகும் எவ்வளவு என்று கேளுங்கள். பொது வடிகாலிலும் ஆற்றிலும் விடும் நீரில் அதற்கு விதி வகுத்த எல்லை ஆற்றுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்த எண்ணை மனுவிலேயே குறித்துவிடுங்கள். படிக்கும் அலுவலர் நாம் அறியாமல் கேட்கவில்லை என்று உணர்வார். எண்ணூரிலும் நாகையிலும் உள்ள நம் தோழர்களுக்கு மனுவின் படியை அனுப்பி, கழிமுகத்துக்கும் பட்டினச்சேரிக் கடலுக்கும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். முப்பது நாளில் விடை வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுத் தாளை இப்போதே எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.